உபுண்டு எங்கே போனது? இரட்டை இயங்குதளக் கணினியில் பூட் லோடரைப் பராமரித்தல்

விண்டோஸ் ஒரு பெரிய அப்டேட்டை முடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் ஆகிறது. எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்டுத் தினமும் வரும் கிரப் பட்டியல் வரவில்லை. நேராக விண்டோஸ் வந்து நிற்கிறது. உபுண்டு அழிந்துபோனது என்று முடிவுகட்டி, பென்டிரைவைத் தேடி எடுத்து மறுபடி நிறுவ உட்காருபவர்கள் ஏராளம். அந்த அவசர நிறுவலில்தான் உண்மையாகவே கோப்புகள் அழிகின்றன. அதுவரை ஒன்றும் அழிந்திருக்காது. கணினி எதை முதலில் எழுப்ப வேண்டும் என்ற வரிசை மட்டும் மாறியிருக்கும்.

இந்த அத்தியாயம் அந்த வரிசையைப் பற்றியது. விண்டோஸ் 11, உபுண்டு இரண்டும் உள்ள ஒரு மடிக்கணினியை எடுத்துக்கொள்கிறேன். லினக்ஸ் மின்ட், டெபியன் வைத்திருப்பவர்களுக்கும் ஏறக்குறைய எல்லாம் பொருந்தும். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.

பழைய அறிவுரையை முதலில் ஓரங்கட்டுவோம்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் புதிதல்ல. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தக் காலத்தில் கேட்ட அறிவுரைகள் இன்னும் வாய்வழியாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பாதி பயாஸ் காலத்துக்கு உரியவை.

பயாஸ் முறையில், வன்தட்டின் முதல் செக்டரான 512 பைட்டுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். அதில் 446 பைட் துவக்க நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் ஓர் அடையாளக் குறிக்கு. இதற்கு எம்பிஆர் என்று பெயர். 446 பைட்டில் இரண்டு பேர் குடியிருக்க முடியாது. கடைசியாக எழுதியவரே உரிமையாளர். விண்டோஸை நிறுவினால் அது கேட்காமலே தன் நிரலை அங்கே எழுதிவிடும். லினக்ஸின் லோடர் போயே போய்விடும். ‘முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்’ என்ற விதி பிறந்தது இதனால்தான். அப்போது புழங்கிய லிலோ என்ற லினக்ஸ் லோடர் இன்னும் ஒரு படி மேல்: கெர்னலை மாற்றிய ஒவ்வொரு முறையும் அதை மறுபடி இயக்கி எழுத வேண்டும், மறந்தால் கணினி எழாது. 2015 இறுதியோடு லிலோவின் வளர்ச்சியே நின்றுவிட்டது. யாரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு வந்த கணினி என்றால் உங்களுடையது பெரும்பாலும் பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ வகைதான். விண்டோஸில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து ‘பயாஸ் மோட்’ என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ என்று இருந்தால் மேலே சொன்னதை மறந்துவிடலாம். லெகசி என்று இருந்தால் பழைய விதிகள் உங்களுக்கு இன்னும் செல்லும்.

மூன்று இடங்கள்

யூஇஎஃப்ஐ கணினியில் துவக்கம் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. இந்த மூன்றையும் தனித்தனியாக மனதில் பிரித்து வைத்துக்கொண்டால் எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்கலாம்.

முதல் இடம், வன்தட்டிலோ எஸ்எஸ்டியிலோ உள்ள ஒரு சிறிய பார்ட்டிஷன். இஎஸ்பி என்று சொல்வார்கள். விண்டோஸ் தானாக உருவாக்கும்போது பெரும்பாலும் 100 எம்பி. கடையில் வாங்கும்போதே விண்டோஸ் உள்ள மடிக்கணினிகளில் 260 எம்பியும் காணக் கிடைக்கும். ஃபேட்32 வடிவில் இருக்கும். இதற்குள் ‘இஎஃப்ஐ’ என்ற கோப்புறை, அதற்குள் ‘மைக்ரோசாஃப்ட்’, ‘உபுண்டு’, ‘பூட்’ என்று தனித்தனிக் கோப்புறைகள். விண்டோஸின் லோடர் அதன் கோப்புறையிலும் உபுண்டுவின் ஷிம் (கிரப்பை எழுப்பும் முன்னோடி நிரல்), கிரப் கோப்புகள் தங்கள் கோப்புறையிலும் இருக்கின்றன. ஒன்றை ஒன்று மிதிப்பதில்லை. பயாஸ் காலத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

இரண்டாவது இடம் மதர்போர்டில் உள்ள நினைவகம். மின்சாரம் நின்றாலும் அழியாத அந்த நினைவகத்தில் பதிவுகள் உள்ளன: ‘பூட் 0000’ என்றால் விண்டோஸ் பூட் மேனேஜர், ‘பூட் 0001’ என்றால் உபுண்டு என்பது போல. ஒவ்வொரு பதிவும் எந்த டிஸ்க், எந்தப் பார்ட்டிஷன், எந்தக் கோப்பு என்று சுட்டுகிறது. இதோடு ‘பூட் ஆர்டர்’ என்ற ஒரு பட்டியல்: எதை முதலில் முயல வேண்டும், அது தவறினால் அடுத்தது எது. ‘பூட் நெக்ஸ்ட்’ என்று இன்னொன்றும் உண்டு. அடுத்த ஒரு முறைக்கு மட்டும் இன்னதை எழுப்பு என்பது அதன் பொருள்.

மூன்றாவது இடம் கிரப் தன் பட்டியலை வைத்திருக்கும் இடம். இது இஎஸ்பியில் இல்லை. உபுண்டுவின் சொந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது. இஎஸ்பியில் உள்ள கிரப், ‘என் பட்டியல் அந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது’ என்ற குறிப்பை மட்டுமே வைத்திருக்கும். அதனால்தான் லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸிலிருந்து அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்பவர்களுக்குக் கறுப்புத் திரையில் ‘கிரப்’ என்ற சொல்லும் மினுக்கும் கர்சரும் மட்டும் கிடைக்கின்றன. பயப்பட வேண்டாம். ‘எக்ஸிட்’ என்று அடித்து என்டர் தட்டினால் பல கணினிகளில் வரிசையில் அடுத்து உள்ள விண்டோஸ் எழுந்துவிடும்.

கிரப் வரவில்லை என்றால்

கோப்பு போயிற்றா, பதிவு போயிற்றா, வரிசை மட்டும் மாறியதா? இதை அறிந்த பிறகே எதையும் தொட வேண்டும்.

முதல் சோதனைக்குப் பென்டிரைவ் தேவையில்லை. கணினியை அணைத்து, ஆன் செய்தவுடன் பூட் மெனு விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, அசுஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் செட்டப் திரைக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்கிவைக்க வேண்டியிருக்கும். வரும் பட்டியலில் ‘உபுண்டு’ இருந்து, அதைத் தேர்ந்தால் கிரப் வந்துவிட்டால், மாறியது வரிசை மட்டுமே. செட்டப் திரையில் உபுண்டுவை விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மேலே நகர்த்திச் சேமித்தால் வேலை முடிந்தது.

விசை தட்டும் நேரத்தைப் பிடிக்க முடியாதவர்களுக்கு விண்டோஸுக்குள்ளேயே வழி உண்டு. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்று வரும். அதற்குள் உபுண்டு இருந்தால் தேர்ந்துகொள்ளுங்கள். எல்லாக் கணினியிலும் இது வருவதில்லை.

உபுண்டுவுக்குள் போய்விட்டால் எஃபிபூட்எம்ஜிஆர் என்ற கட்டளை எல்லாவற்றையும் காட்டும். வெறுமனே அதை இயக்கினால் பதிவுகளும் வரிசையும் வரும். சிற்றெழுத்து ‘வி’ தெரிவைச் சேர்த்தால் ஒவ்வொரு பதிவும் எந்தக் கோப்பைச் சுட்டுகிறது என்றும் தெரியும். ‘ஓ’ தெரிவோடு எண்களைக் காற்புள்ளியிட்டுத் தந்தால் வரிசை மாறும். ‘என்’ தெரிவோடு ஓர் எண்ணைத் தந்தால் அடுத்த ஒரு முறைக்கு மட்டும் அது எழும். மாற்றங்களுக்கு சூடோ வேண்டும்.

பூட் மெனுவில் உபுண்டுவே இல்லை என்றால் பதிவு போயிருக்கிறது. பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகும் மதர்போர்டு மாற்றிய பிறகும் இப்படி ஆவதுண்டு. கோப்புகள் இஎஸ்பியில் பத்திரமாக இருக்கும். சில செட்டப் திரைகளில் ‘ஆட் பூட் ஆப்ஷன்’ என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதில் இஎஃப்ஐ, உபுண்டு கோப்புறைகளுக்குள் போய் ஷிம்எக்ஸ்64 கோப்பைச் சுட்டினால் போதும். கிரப் கோப்பைச் சுட்டாதீர்கள். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் ஷிம் வழியாக வந்தால்தான் உள்ளே விடும்.

வரிசையைச் சரிசெய்தும் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் விண்டோஸையே முதலில் தூக்கி வைக்கும் பிடிவாதக் கணினிகளும் உள்ளன. குற்றம் விண்டோஸுடையது அல்ல, ஃபர்ம்வேரை எழுதியவர்களுடையது. அங்கே ஒரு குறுக்குவழி: விண்டோஸில் அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, பிசிடிஎடிட் கட்டளையால் பூட் மேனேஜர் பதிவின் ‘பாத்’ மதிப்பை உபுண்டுவின் ஷிம் கோப்புக்கு மாற்றலாம். ஃபர்ம்வேர் தான் விண்டோஸை எழுப்புவதாக நினைத்துக்கொண்டு கிரப்பை எழுப்பும். எனக்கு இது பிடித்தமான வழி அல்ல. ஒரு அப்டேட் வந்து பழையபடி மாற்றிவிட்டால், ஆறு மாதத்துக்கு முன் என்ன செய்தோம் என்று நினைவிருக்காது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் செய்து, செய்ததை எழுதி வையுங்கள்.

கை வைக்கும் முன் பிட்லாக்கர்

மேலே சொன்ன எதையும் விட இழப்புக்கு வாய்ப்புள்ள இடம் இது. புதிய விண்டோஸ் 11 மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தாலே, ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் பிட்லாக்கர் டிஸ்க்கைப் பூட்டியிருப்பது சாதாரணம். சொல்லாமல் நடந்திருக்கும். துவக்க அமைப்பில் மாற்றம் தெரிந்தால் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். செக்யூர் பூட்டை அணைத்தாலும் கேட்கலாம்; பயாஸை அப்டேட் செய்தாலும் கேட்கலாம்.

சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் இருக்கும். செட்டப் திரைக்குள் நுழையும் முன்பே அதைத் திறந்து பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். அந்தக் கணக்கு யாருடையது என்பதையும் உறுதி செய்யுங்கள்: கடைக்காரரோ உறவினரோ தம் கணக்கைப் போட்டு அமைத்துக் கொடுத்த மடிக்கணினியில் சாவி அவர் கணக்கில் கிடக்கும். பிறகு பிட்லாக்கரைத் தற்காலிகமாக ‘சஸ்பெண்ட்’ செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கிரப் பட்டியலிலிருந்து விண்டோஸைத் தேர்ந்தால் மட்டும் சாவி கேட்கிறது, பூட் மெனு வழியே போனால் கேட்கவில்லை என்றால் குழம்ப வேண்டாம். கிரப் வழியாக வரும்போது இடையில் வேறு நிரல்கள் ஓடியிருப்பதை டிபிஎம் சில்லு அளந்து வைக்கிறது. பிட்லாக்கருக்கு அது அந்நியமாகத் தெரிகிறது. அப்படிப்பட்ட கணினியில் விண்டோஸுக்குப் போக எஃபிபூட்எம்ஜிஆரின் ‘என்’ தெரிவையோ பூட் மெனுவையோ பயன்படுத்துவதே நிம்மதி.

2024 ஆகஸ்டில் நடந்தது

2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு உலகெங்கும் பல இரட்டை இயங்குதளக் கணினிகளில் லினக்ஸ் எழ மறுத்தது. ஷிம்மின் எஸ்பேட் தரவு சரிபார்ப்பில் தோல்வி என்று ஒரு வரி வந்து கணினி அணைந்துவிடும். இங்கே வரிசையும் சரி, பதிவும் சரி, கோப்பும் சரி. கோப்பு பழையது என்பதுதான் சிக்கல்.

செக்யூர் பூட் கையொப்பம் உள்ள நிரலை மட்டுமே ஓடவிடும். ஆனால் கையொப்பமிட்ட கிரப் பதிப்புகளிலேயே ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2020 ஜூலையில் வெளிவந்த பூட்ஹோல் அவற்றில் பெயர் பெற்றது. ஒவ்வொரு பழைய கோப்பையும் தனித்தனியாகத் தடைசெய்ய மதர்போர்டு நினைவகத்தில் இடம் போதாது. எனவே ‘இந்தத் தலைமுறை எண்ணுக்குக் கீழே உள்ளவை செல்லாது’ என்று ஒரே எண்ணால் தடுக்கும் எஸ்பேட் முறை வந்தது. அந்த ஆகஸ்ட் அப்டேட் அந்த எண்ணை உயர்த்தியது. இரட்டை இயங்குதளம் உள்ள கணினியில் இதைச் செய்யமாட்டோம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனால் சில கணினிகளில் லினக்ஸ் இருப்பதை அந்தச் சோதனை கண்டுகொள்ளவில்லை.

இதே செய்தி உங்கள் திரையில் வந்தால், பிட்லாக்கர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு செக்யூர் பூட்டை அணையுங்கள். உபுண்டுவுக்குள் போய் எல்லா அப்டேட்டுகளையும் போட்டு ஷிம்மையும் கிரப்பையும் புதுப்பியுங்கள். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் மோக்யூட்டில் கட்டளையின் ‘செட்-எஸ்பேட்-பாலிசி’ தெரிவில் ‘டிலீட்’ என்று தந்து, ஒருமுறை உபுண்டுவுக்கே ரீஸ்டார்ட் செய்து, பிறகு செக்யூர் பூட்டை மறுபடி இயக்குங்கள். அணைத்தபடியே விட்டுவிடுபவர்கள் பலர். வேண்டாம் என்பேன்.

மாதக்கணக்கில் உபுண்டு பக்கமே போகாமல் விண்டோஸை மட்டும் அப்டேட் செய்துகொண்டிருப்பவர்கள்தான் இதில் எளிதாகச் சிக்குவார்கள். லினக்ஸையும் அவ்வப்போது எழுப்பி அப்டேட் போடுங்கள். மேசை டிராயரில் கிடக்கும் பழைய நிறுவல் பென்டிரைவும் இதே காரணத்தால் எழ மறுக்கலாம்.

கிரப் வருகிறது, விண்டோஸ் அதில் இல்லை

2021இல் வெளிவந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் என்ற கருவி இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது. அது எல்லாப் பார்ட்டிஷன்களையும் ரூட் உரிமையோடு திறந்து பார்க்கும். அது பாதுகாப்பல்ல என்பது கிரப்பை உருவாக்குபவர்களின் தரப்பு. காரணம் நியாயம்தான், ஆனால் இரட்டை இயங்குதளக்காரர்களுக்குத் தலைவலி.

சரிசெய்ய, ‘ஈடிசி’ கோப்புறையில் ‘டிஃபால்ட்’ கோப்புறைக்குள் உள்ள ‘கிரப்’ என்ற கோப்பை சூடோவோடு திறங்கள். கிரப், டிசேபிள், ஓஎஸ், ப்ரோபர் என்ற நான்கு சொற்களையும் பேரெழுத்தில், நடுவே அடிக்கோடு இட்டு எழுதி, சமக்குறிக்குப் பிறகு ‘ஃபால்ஸ்’ என்று சிற்றெழுத்தில் தாருங்கள். இந்த வரி ஏற்கெனவே இருந்து, முன்னால் ஹாஷ் குறி இருந்தால் குறியை மட்டும் நீக்கினால் போதும். பிறகு அப்டேட்-கிரப் கட்டளையை இயக்குங்கள். விண்டோஸ் பூட் மேனேஜரைக் கண்டதாக ஒரு வரி வரும். ஃபெடோராவில் அப்டேட்-கிரப் கிடையாது. அதற்குப் பதில் கிரப்2-எம்கேகான்ஃபிக் என்ற கட்டளை உண்டு. அங்கே கிரப்2-இன்ஸ்டால் பக்கம் மட்டும் போகாதீர்கள். யூஇஎஃப்ஐ கணினியில் அது கையொப்பமில்லாத கிரப்பை வைத்து செக்யூர் பூட்டைக் கெடுத்துவிடும்.

அதே கோப்பில் இன்னொரு மாற்றம் செய்யப் பரிந்துரைப்பேன். ‘கிரப் டிஃபால்ட்’ வரியின் மதிப்பை ‘சேவ்ட்’ என்று மாற்றி, ‘கிரப் சேவ்டிஃபால்ட்’ என்ற வரியைச் சேர்த்து ‘ட்ரூ’ என்று தாருங்கள். கடைசியாக எதைத் தேர்ந்தீர்களோ அதுவே அடுத்த முறையும் எழும். விண்டோஸ் அப்டேட் இரண்டு மூன்று முறை தானாக ரீஸ்டார்ட் ஆகும். நீங்கள் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் அது பாதியில் உபுண்டுவுக்குள் போய் நிற்காது.

பட்டியலே தோன்றாமல் நேராக உபுண்டு வந்தால், கணினி எழும்போது எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். பலமுறை தட்டினால் கட்டளை வரிக்குப் போய்விடும். அங்கே ‘நார்மல்’ என்று அடித்தால் திரும்பலாம்.

பூட் லோடரின் தலையில் விழும் பழிகள்

இரண்டு சிக்கல்களுக்குக் கிரப்பைத் திட்டுவார்கள். அதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ ஒன்று. அது இயங்கும்போது ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. கெர்னலை டிஸ்கில் எழுதிவிட்டு உறங்குகிறது. விண்டோஸ் பார்ட்டிஷனை லினக்ஸ் திறக்க மறுக்கும், அல்லது படிக்க மட்டும் விடும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் அதை அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று கடிகாரம். உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. டைம்டேட்சிடிஎல் கட்டளையின் ‘செட்-லோக்கல்-ஆர்டிசி’ தெரிவுக்கு 1 என்று தந்தால் தீர்ந்தது. இது சரியான முறையல்ல என்று லினக்ஸே ஓர் எச்சரிக்கை காட்டும். ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் அந்த எச்சரிக்கைக்கு அர்த்தம் உண்டு. இந்தியாவிலோ இலங்கையிலோ இருப்பவர் கவலைப்பட வேண்டியதில்லை.

உண்மையிலேயே கோப்பு போய்விட்டால்

இஎஸ்பியை யாராவது ஃபார்மட் செய்திருந்தால்தான் இந்த நிலை. உபுண்டு நிறுவல் பென்டிரைவில் ‘ட்ரை உபுண்டு’ என்று எழுப்புங்கள். பென்டிரைவ் எழுந்தது யூஇஎஃப்ஐ முறையிலா என்பதை முதலில் பாருங்கள்: ‘சிஸ்’ கோப்புறையில் ‘ஃபர்ம்வேர்’ கோப்புறைக்குள் ‘இஎஃப்ஐ’ என்று ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் லெகசி முறையில் எழுந்திருக்கிறது. அதிலிருந்து செய்யும் பழுதுபார்ப்பு பயாஸ் லோடரை எழுதும், பலன் இருக்காது.

உபுண்டுவின் ரூட் பார்ட்டிஷனை ‘எம்என்டி’யில் மவுன்ட் செய்து, அதற்குள் பூட், இஎஃப்ஐ என்ற இடத்தில் இஎஸ்பியை மவுன்ட் செய்யுங்கள். டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் ‘ரீகர்சிவ் பைண்ட்’ முறையில் இணைத்து, சிஎச்ரூட் கட்டளையால் உள்ளே நுழைந்து, கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் இரண்டையும் இயக்குங்கள். புதிதாக ஃபார்மட் ஆன இஎஸ்பிக்கு அடையாள எண் மாறியிருக்கும். எஃப்எஸ்டேப் கோப்பிலும் அதைத் திருத்த வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து பூட்-ரிப்பேர் என்றொரு கருவி உண்டு. வேலை செய்யும், ஆனால் கேட்டதற்கு மேலும் சிலவற்றை மாற்றும். விண்டோஸின் கோப்பும் போயிருந்தால், விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் எழுப்பி பிசிடிபூட் கட்டளையால் அதை மறுபடி உருவாக்கலாம்.

இந்த நிலை வராமல் இருக்க, நன்றாக இருக்கும்போதே இஎஸ்பியில் உள்ளவற்றை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். சில பத்து எம்பிதான் வரும். எஃபிபூட்எம்ஜிஆர் காட்டும் திரையைக் கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸை நீக்குவதானால்

முதலில் செட்டப் திரையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவந்து, விண்டோஸ் நேராக எழுவதை உறுதிசெய்யுங்கள். அதன் பிறகே டிஸ்க் மேனேஜ்மென்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை அழியுங்கள். இஎஸ்பியைத் தொடாதீர்கள், அது இருவருக்கும் பொது. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்டில் மவுன்ட்வால் கட்டளையால் இஎஸ்பிக்கு ஓர் எழுத்தைத் தந்து திறந்து, ‘உபுண்டு’ கோப்புறையை மட்டும் நீக்குங்கள். பூட் மெனுவில் உபுண்டுவின் பெயர் அப்போதும் நிற்கலாம்; பிசிடிஎடிட்டில் ‘ஈனம் ஃபர்ம்வேர்’ என்று பார்த்து அந்தப் பதிவின் அடையாளத்தைக் கண்டு அழிக்கலாம், விட்டாலும் தீங்கில்லை. காலியான இடம் சி டிரைவுக்கு அடுத்து ஒட்டியபடி வலப்பக்கம் இருந்தால்தான் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ இயங்கும். நடுவே விண்டோஸின் ரிகவரி பார்ட்டிஷன் இருந்தால் அந்த இடத்தைத் தனி டிரைவாக வைத்துக்கொள்ளுங்கள்.